உள்ளே ஓர் அறை, வெளியே இரண்டு: ஒரு பிடதிப் பயணத்தின் செலவுக் கணக்கு

வேலூர் சத்துவாச்சாரியில் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கும் ஓர் அக்கா, தம்பி ஆகிய இருவரின் குடும்பங்கள், 2025ஆம் ஆண்டு காலாண்டுத் தேர்வு விடுமுறையின் கடைசி நாள்களில், பெங்களூரை அடுத்த பிடதிப் பக்கம் உள்ள வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று வந்தன. பூங்காவை ஒட்டி அதே வளாகத்தில் இருக்கும் ரிசார்ட்டில் தங்குவதா, வெளியே லாட்ஜ் எடுப்பதா என்று பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிய வாக்குவாதம், கடைசியில் இரண்டையும் செய்து பார்ப்பதில் முடிந்தது. இரு வீட்டாரும் பத்திரப்படுத்தியிருந்த ரசீதுகளையும், திரும்பி வந்தபின் அவரவர் சொன்னவற்றையும் வைத்து இந்த ஆய்வை எழுதுகிறேன். வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்த பழக்கத்தால், ஒரு செலவைப் பார்த்ததும் அதன் பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தப் பயணத்தில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை நான் எதிர்பார்த்ததாக இல்லை.

குடும்பங்களும் கேள்வியும்

அக்காவின் கணவர் இராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும் அவர்களுக்கு உண்டு. தம்பி காட்பாடியில் மின்சாதனக் கடை ஒன்றில் விற்பனைப் பொறுப்பில் இருக்கிறார். அவருடைய மனைவி, மூன்று வயதுக் குழந்தை, முழங்கால் வலியுள்ள வயதான தாயார் ஆகியோர் அவர் வீட்டில். ஆக மொத்தம் எட்டுப் பேர். வீட்டுச் சீட்டுப் பணத்தில் ஒரு தவணையை எடுத்து இந்தப் பயணத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தாண்டக்கூடாது என்பது அக்காவின் நிபந்தனை.

தம்பியின் விருப்பம் ரிசார்ட். கைப்பேசியில் வெளிநாட்டுப் பூங்காக்களைப் பற்றிய காணொளிகளை நிறையப் பார்த்திருந்த அவருக்கு, உள்ளே தங்குகிறவர்களே புத்திசாலிகள் என்ற எண்ணம் ஊன்றியிருந்தது. அக்காவோ, "ராத்திரி தூங்கறதுக்கா தம்பி அவ்ளோ துட்டு?" என்று ஒரே கேள்வியில் அதை மடக்கிவிட்டார். "அம்மா முட்டி வலியோட எங்கக்கா ஒக்காருவாங்க?" என்று தம்பி திருப்பிக் கேட்டபோதுதான் பேச்சு சரியான இடத்துக்கு வந்தது என்று நினைக்கிறேன். அதுவரை இருவரும் அறை வாடகையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இடத்தின் அமைப்பு

உள்ளே தங்குவது நல்லது என்ற அறிவுரை பெரும்பாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஒர்லாண்டோவை அடுத்துள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. 1971இல் திறக்கப்பட்ட அந்த வளாகம் ஏறத்தாழ 25,000 ஏக்கர். அதற்குள் நான்கு பெரிய பூங்காக்களும் பல விடுதிகளும் சிதறிக் கிடக்கின்றன. வெளியே தங்குகிறவர் காரில் வந்தால் நிறுத்தக் கட்டணம் கட்டி, அங்கிருந்து வாயிலுக்குப் போய்ச் சேர்வதற்கே நேரம் செலவழிக்க வேண்டும். உள்ளே தங்குகிறவருக்கோ பூங்காவுக்குள் அரைமணி நேரம் முன்னதாக நுழையும் சலுகை உண்டு. வளாகப் பேருந்துக்குக் கட்டணமில்லை. அங்கே அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தூரத்தையும் நேரத்தையும் வாங்கித் தருகிறது.

வொண்டர்லாவின் பெங்களூர்ப் பூங்கா 2005இல் திறக்கப்பட்டது. பரப்பு 82 ஏக்கர். மைசூர் சாலையில் பெங்களூரிலிருந்து சுமார் 28 கிலோமீட்டர் தொலைவில், ஹெஜ்ஜாலையைத் தாண்டிப் பிடதிக்கு முன்னால் உள்ளே திரும்ப வேண்டும். 84 அறைகள் கொண்ட ரிசார்ட் 2012இல் சேர்ந்தது. பூங்கா ஒன்றே ஒன்று. பகல் 11 மணிக்குத் திறந்து மாலையில் மூடிவிடுகிறது. விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பூங்காவுக்கு, வாயிலருகே படுத்திருப்பதால் சவாரி செய்கிறவருக்கு என்ன ஆதாயம் கிடைக்கும்? பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் படுத்தவரும் இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, கதவு திறக்கும்போது அங்கே நிற்கலாம். ஃபுளோரிடாவின் நியாயம் 82 ஏக்கருக்குப் பொருந்தவில்லை.

வேலூர்க்காரர்களுக்கு உள்ளே, வெளியே என்ற இந்தக் கணக்கு புதிதும் அன்று. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோட்டிலும் அதன் பக்கத் தெருக்களிலும், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் குடும்பங்கள் நாள்கணக்கில் லாட்ஜுகளில் தங்குவதைப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். வாசலுக்குப் பக்கத்து அறை, நடக்க முடியாத நோயாளிக்காக எடுக்கப்படுகிறது. நடக்க முடிந்தவர்கள் மட்டும் வந்தால் நாலு தெரு தள்ளிச் சமையல் வசதியுள்ள அறையைப் பார்க்கிறார்கள். அக்காவுக்கு இதைச் சொன்னபோது உடனே விளங்கியது: ரிசார்ட் வேண்டுமானால் அது அம்மாவுக்கும் குழந்தைக்கும் வேண்டும், சவாரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வேண்டாம்.

வரி செய்யும் வேலை

அறை வாடகையை ஒப்பிடும்போது வரியைச் சேர்த்தே ஒப்பிட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள விடுதி அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரம்புக்குக் கீழே உள்ள அறைகளுக்கு அதற்கு முன் 12 சதவீதம் இருந்தது. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 7,400 ரூபாய் அறைக்கு வரி 370 ரூபாய்தான், மொத்தம் 7,770. அதே அறை கூட்டம் மிகுந்த நாளில் 7,600 ரூபாய் ஆனால் வரி 1,368, மொத்தம் 8,968. வாடகையில் 200 ரூபாய் ஏற, கையிலிருந்து போவது 1,198 ரூபாய் ஏறுகிறது. ஆகவே எந்த ரிசார்ட்டாக இருந்தாலும், வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் விலை கேட்கும்போது அது 7,500 என்ற கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

சாப்பாட்டிலும் இதுபோன்ற ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், முந்தைய நிதியாண்டில் ஓர் அறையையேனும் 7,500 ரூபாய்க்கு மேல் வாடகைக்கு விட்ட விடுதியின் வளாகத்து உணவகத்தில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தெருவில் உள்ள சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். நான்கு பேர் இரண்டு வேளை உட்கார்ந்து சாப்பிட்டால் இந்த வித்தியாசமே ஒரு வேளை டிபன் செலவு ஆகிவிடும். பிடதியில் தட்டே இட்லி பேர் போனது. தட்டு அளவுக்கு அகன்று, மெத்தென்று இருக்கும் அதில் இரண்டைத் தின்றால் மதியம் வரை பசி எடுக்காது. வெளியில் தங்குகிறவருக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பூங்காவுக்குள் வெளி உணவுக்கு அனுமதியில்லை என்பதால், காலை உணவை எங்கே முடிக்கிறோம் என்பதும் செலவில் ஒரு பொருட்டுதான்.

பயண நாள்கள்

விஜயதசமி அந்த ஆண்டு அக்டோபர் 2, வியாழக்கிழமை. அன்று புறப்பட்டு மறுநாள் வெள்ளிக்கிழமை பூங்கா என்று தேதி குறித்தார்கள். நம் பக்கம் காலாண்டு விடுமுறை, கர்நாடகத்தில் தசரா விடுமுறை. இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்ததால் கூட்டத்தைத் தவிர்க்க வழியில்லாமல் போயிற்று. சிக்கனம் பார்க்கிறவர்கள் இந்த வாரத்தைத் தேர்ந்திருக்கவே கூடாது என்பது என் கருத்து. இருந்தாலும், பள்ளிப் பிள்ளைகளையும் சிப்காட் விடுப்பையும் வைத்துக்கொண்டு வேறு நாள் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதும் தெரிந்ததுதான்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. மைசூர் வரை செல்லும் ரயில்கள் தசராவில் நிரம்பிவிடும் என்பதால், பெங்களூரோடு நின்றுவிடும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பு இருக்கை எடுத்தார்கள். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020இலேயே நிறுத்தப்பட்டுவிட்டதால் தாயாருக்கும் முழுக் கட்டணம்; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காதவரை கட்டணமில்லை. காட்பாடியில் காலையில் ஏறினால் கிருஷ்ணராஜபுரத்தில் மதியம் இறங்கலாம். அங்கிருந்து ஊதா வழித்தட மெட்ரோ கெங்கேரியைத் தாண்டிச் சல்லகட்டா வரை போகிறது. 2023 அக்டோபரில் அந்தத் தடம் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, காட்பாடியிலிருந்து வருகிறவர் பெங்களூர் நகர நெரிசலில் ஆட்டோவுக்குப் பேரம் பேசாமலே மைசூர் சாலையின் மறுகோடிக்குப் போய்விட முடிகிறது. 2025 பிப்ரவரிக் கட்டணத் திருத்தத்தின்படி ஒருவருக்கு அதிகபட்சமே 90 ரூபாய். ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரம்தான் தாயாரைச் சோதித்தது.

முதல் இரவு எட்டுப் பேரும் கெங்கேரிப் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு லாட்ஜில் இரண்டு அறைகளில் தங்கினார்கள். அறை 1,600 ரூபாய். இரண்டுக்கும் வரியோடு 3,360. அந்த லாட்ஜ் 24 மணி நேரக் கணக்கு வைத்திருந்தது. பிற்பகல் மூன்று மணியளவில் அறைக்குள் நுழைந்தவர்கள் மறுநாள் மூன்று மணி வரை இருக்கலாம். பெரும்பாலான ரிசார்ட்டுகளின் வழக்கமோ வேறு: மதியத்துக்குப் பிறகு அறை கொடுத்து, மறுநாள் முற்பகலில் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள்.

இந்தப் பயணத்தின் முக்கியமான கண்டறிதல் இங்கேதான் இருக்கிறது. ரிசார்ட்டை நாடும் குடும்பங்கள் பெரும்பாலும் பூங்காவுக்கு முந்தைய இரவைத்தான் அங்கே பதிவு செய்கின்றன. அப்படிச் செய்தால் முற்பகலில், அதாவது பூங்கா திறக்கும் வேளையில், அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். ஓய்வெடுக்க வேண்டிய பாட்டியும் தூக்கம் சொக்கும் குழந்தையும் சரியாக அறை தேவைப்படும் நண்பகலில் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். தம்பி முதலில் அப்படித்தான் போட இருந்தார். அக்காதான் இரண்டு நேரங்களையும் ஒரு தாளில் எழுதி, பூங்காவுக்குப் போகும் நாளின் இரவைப் பதிவு செய்யச் சொன்னார். லாட்ஜின் 24 மணி நேரம் முடியும் வேளையும் ரிசார்ட் அறை கிடைக்கும் வேளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

வெள்ளிக்கிழமை காலை அக்கா குடும்பத்தார் நால்வரும் தம்பியும் பேருந்தில் பூங்காவுக்குப் போனார்கள். மைசூர் விரைவுச்சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பிறகு, நிற்காமல் போகும் பேருந்துகள் மேலே பறந்துவிடுகின்றன. பிடதி, இராமநகரம் என்று நின்று போகும் பேருந்தைக் கேட்டு ஏற வேண்டும். ஆட்டோவும் இருசக்கர வண்டியும் 2023 ஆகஸ்டிலிருந்து விரைவுச்சாலையின் பிரதான தடத்தில் போகக்கூடாது என்பதால் சேவைச் சாலையில்தான் வரும். தாயாரும் தம்பி மனைவியும் குழந்தையும் லாட்ஜிலேயே மதிய உணவு வரை இருந்துவிட்டு, எல்லோருடைய பைகளையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு இரண்டு மணிக்கு ரிசார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெளியே தங்கிய குடும்பத்தின் மூட்டைகளுக்கும் அந்த ஓர் அறையே காவல். மாலை பூங்கா மூடியதும் அக்கா குடும்பத்தார் பைகளை வாங்கிக்கொண்டு பெங்களூர் திரும்பி, இரவு மெயிலில் ஏறி, விடியுமுன் காட்பாடியில் இறங்கினார்கள். தம்பி குடும்பத்தார் சனிக்கிழமை காலை ரிசார்ட்டில் சாப்பிட்டு, குழந்தையை நீச்சல் குளத்தில் சிறிது நேரம் விளையாடவிட்டுக் கிளம்பினார்கள்.

ரிசார்ட் அறைக்கு வரியோடு கொடுத்த தொகை, லாட்ஜின் இரண்டு அறைகளுக்கும் சேர்த்துக் கொடுத்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதாவது ஓர் அறைக்கு ஓர் அறை என்று பார்த்தால் நான்கு மடங்கு. பட்டியலில் இதைவிடப் பெரிய எண் நுழைவுச் சீட்டுத்தான். அங்கே பிள்ளைகளின் வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். 140 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரியவர் கட்டணம். ஆறாம் வகுப்புப் பெண்ணை வீட்டுச் சுவரில் நிறுத்திக் கோடு போட்டுப் பார்த்து, இந்த ஆண்டு இன்னும் குழந்தைச் சீட்டுத்தான் என்று உறுதி செய்துகொண்டே புறப்பட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ பெரிய சவாரிகளில் இடம் கிடைக்காது என்ற வருத்தம். நீர்ச் சவாரிகளில் பருத்தி உடைக்கு அனுமதியில்லை என்பதும் தெரிந்து, நைலான் உடைகளை வேலூரிலேயே வாங்கிவிட்டார்கள்.

கணக்கில் வராத ஒரு சீட்டு

ரிசார்ட் அறையால் நுழைவுச் சீட்டுச் செலவு குறைந்தது என்று தம்பி பெருமையாகச் சொன்னார். வெளியே மட்டும் தங்கியிருந்தால் தாயாரையும் குழந்தையையும் எங்கே விடுவது என்று தெரியாமல் எல்லோருக்கும் சீட்டு எடுத்து, நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். இப்போது மூன்று சீட்டுகள் மிச்சம். அதைக் கழித்தால் ரிசார்ட் வாடகையின் கணிசமான பகுதி ஈடாகிவிடுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தேன், தொகை சரியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மூன்றில் ஒன்று தம்பி மனைவியுடையது. அவருக்கு முழங்கால் வலியும் இல்லை, அவர் மூன்று வயதுக் குழந்தையும் இல்லை. பூங்காவுக்கு வந்து ஒரு சவாரியும் ஏறாமல் திரும்பிய திடமான ஆள் எட்டுப் பேரில் அவர் ஒருவரே. மூன்று மணிக்கு அக்கா பூங்காவிலிருந்து வெளியே வந்து, "நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வாம்மா" என்று சொல்லியிருக்கிறார். மிச்சமிருக்கும் சில மணி நேரத்துக்கு முழுச் சீட்டு எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "பரவால்ல அண்ணி, இன்னொரு வாட்டி" என்று சொல்லிவிட்டார். ரசீதுகளில் இது மிச்சம் என்று தெரிகிறது. கடன் பிரிவில் இப்படி ஒரு வரவைக் காட்டியிருந்தால், யாருடைய பாக்கியை வரவாக எழுதினீர்கள் என்று கேட்டிருப்பேன்.

ஆகவே ரிசார்ட் அறையின் உண்மையான ஈடு இரண்டு சீட்டுகள், பைகளைக் காத்த வசதி, தாயாருக்குக் கிடைத்த ஒரு பிற்பகல் ஓய்வு, ஒரு காலை உணவு ஆகியவைதான். இவற்றுக்காக அந்தத் தொகையைக் கொடுக்கலாமா என்றால், இந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம் என்பேன். அக்காவின் வீட்டைப்போல் நால்வரும் ஓடியாடக்கூடியவர்களாக இருந்தால் அந்த அறை வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் இருவரும் பூங்காவை ஒரு நிமிடம்கூடக் குறைவாகப் பார்க்கவில்லை. கெங்கேரியில் படுத்ததால் அவர்கள் இழந்தது எதுவுமில்லை.

மற்ற வழிகள்

இரவே தங்காமல் போய்வர முடியுமா என்றும் பார்த்தார்கள். வந்தே பாரத்தோ சதாப்தியோ காட்பாடியில் காலை ஏழு மணியை ஒட்டிக் கிடைக்கும். ஆனால் பெங்களூரில் இறங்கி மைசூர் சாலையைப் பிடித்துப் பூங்காவை அடையும்போது நண்பகல் கடந்துவிடும். அந்த ரயில்களின் கட்டணத்தையும் சேர்த்தால், லாட்ஜ் வாடகையில் மிச்சம் பிடித்ததாகச் சொல்ல முடியாது. எட்டுப் பேருக்கு டெம்போ டிராவலர் எடுப்பது இன்னொரு யோசனை. பள்ளிகொண்டா தொடங்கிப் பல சுங்கச்சாவடிகள், ஓசூருக்குப் பின் பெங்களூரைச் சுற்றிப் போகும் நைஸ் சாலைக் கட்டணம், வாடகை வண்டி கர்நாடகத்துக்குள் நுழைவதற்கான அனுமதியும் வரியும் என்று செலவு கிளை விட்டுக்கொண்டே போனது. பன்னிரண்டு பேராவது சேராமல் அது கட்டாது.

2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கம் அதே நிறுவனத்தின் பூங்கா திறந்துவிட்டதால், இராணிப்பேட்டை, ஆற்காடு, அரக்கோணம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கேள்வியே மாறிவிட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக விடியற்காலையில் கிளம்பினால் திறக்கும் நேரத்துக்குப் போய், இரவுக்குள் வீடு திரும்பலாம். வாணியம்பாடி, திருப்பத்தூர்க்காரர்களுக்குப் பெங்களூர்தான் இன்னமும் கிட்டம்.

தம்பி அடுத்த முறையும் பிடதி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா எழுதிக் கொடுத்திருக்கும் திட்டத்தில் தேதி தசராவிலும் இல்லை, சனி ஞாயிறிலும் இல்லை. தாயாரும் குழந்தையும் கெங்கேரியில் இறங்காமல், முதல் நாளே ரிசார்ட்டுக்கு நேராகப் போகிறார்கள். மறுநாள் அறையை மாலை வரை வைத்துக்கொள்ளக் கூடுதல் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். குழந்தையையும் தாயாரையும் பகலில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் தம்பிக்கு முதல் பாதி, அக்காவுக்கு இரண்டாம் பாதி. சீட்டுப் பட்டியலில் முதல் வரியாகத் தம்பி மனைவியின் சீட்டு எழுதப்பட்டிருக்கிறது. தம்பியின் சீட்டுக்கு நேரே, பாதி நாள்தான் கிடைக்கும் என்பதால், எடுப்பதா வேண்டாமா என்று ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார் அக்கா.